எல்லாக் கம்பியிலும் அதே 0.38: ஆக்சைடு நானோகம்பியின் அணு அமைப்பை எப்படி உறுதிசெய்கிறார்கள்?

உலோக ஆக்சைடு நானோகம்பிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைப் புரட்டினாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். கம்பிக்குக் குறுக்கே மெல்லிய வரிகள் ஒரே சீராக ஓடும். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வெள்ளை அம்புக்குறி, பக்கத்தில் "0.38 நானோமீட்டர்" என்ற எழுத்து. கீழே விளக்கம்: இந்த இடைவெளி இன்ன படிகத்தின் இன்ன தளத்தோடு ஒத்துப்போகிறது, ஆகவே கம்பி இன்ன பொருளால் ஆனது, இன்ன திசையில் வளர்ந்திருக்கிறது.

திசை சரியாகவே இருக்கலாம். பொருள் என்ன என்பதை மட்டும் அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. டங்ஸ்டன், டைட்டானியம், நியோபியம் என்று உலோகம் எதுவானாலும் கம்பியின் நீளவாக்கில் அளந்தால் கிட்டத்தட்ட இதே எண்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஊதா டங்ஸ்டன் ஆக்சைடில் 0.378. சாதாரண மஞ்சள் டங்ஸ்டன் ட்ரையாக்சைடில் 0.377, 0.384 என்று இரண்டு. அனாடேஸ் என்னும் டைட்டானியம் டையாக்சைடில் 0.378. ட்ரைடைட்டானேட் என்னும் அடுக்குச் சேர்மத்தில் 0.375. டைட்டானியம் டையாக்சைடின் பி வடிவத்தில் 0.374. நியோபியம் ஆக்சைடின் ஒரு வடிவத்தில் 0.393.

காரணம் எளிது. இந்த ஆக்சைடுகள் அனைத்துக்கும் செங்கல் ஒன்றுதான்: நடுவில் ஓர் உலோக அணு, அதைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட எண்முகி. உலோகத்திலிருந்து ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 0.19 நானோமீட்டர். ஓர் எண்முகியின் முனை அடுத்த எண்முகியின் முனையோடு ஆக்சிஜனைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நின்றால், ஓர் உலோக அணுவிலிருந்து அடுத்ததற்கு இரண்டு 0.19, அதாவது 0.38. கம்பி பெரும்பாலும் இந்த வரிசையின் போக்கிலேயே நீள்கிறது. எனவே அந்த வரிகள் காட்டுவது எண்முகியின் உயரத்தை. அந்த எண்முகிகள் பக்கவாட்டில் எப்படிக் கைகோத்திருக்கின்றன என்பதில்தான் ஒரு படிகத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. அதைப் பற்றி வரிகள் வாய் திறப்பதில்லை.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். படிகத்தில் பட்ட எக்ஸ் கதிர் எந்தெந்தக் கோணங்களில் வலுவாகச் சிதறுகிறது என்று அளக்கும் முறை அது; வரைபடத்தில் அந்தக் கோணங்கள் முகடுகளாகத் தெரியும். பெரிய படிகமானால் காட்டிக்கொடுக்கும். நானோகம்பியில் அதற்கும் ஓர் இடக்கு உண்டு. படிகம் எந்தத் திசையில் எவ்வளவு மெல்லியதோ அந்தத் திசைக்குரிய முகடு அவ்வளவு அகலமாகும். 1918-இல் பால் ஷெரர் எழுதிய சூத்திரம் இதைத்தான் சொல்கிறது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் செம்பு எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். 23.5 டிகிரி அருகே வரும் முகட்டுக்குக் கணக்குப் போட்டால், 100 நானோமீட்டர் நீளமுள்ள திசையில் முகட்டின் அகலம் 0.08 டிகிரிதான், கூர்மையாக நிற்கும். 5 நானோமீட்டர் தடிமனுள்ள திசையிலோ அது 1.6 டிகிரி. மஞ்சள் ட்ரையாக்சைடை அடையாளம் காட்டும் மூன்று முகடுகள் 23.1, 23.6, 24.4 டிகிரிகளில் நிற்கின்றன. மூன்றும் 1.3 டிகிரிக்குள் அடங்கிவிடுவதால் மெல்லிய கம்பியில் அவை ஒன்றோடொன்று கரைந்துபோகும். எஞ்சுவது நீளவாக்கில் வரும் ஒரே கூர்முகடும் 48 டிகிரியையொட்டி அதன் பாதி இடைவெளிக்குரிய இன்னொன்றும். இரண்டுமே அந்த 0.38-இன் குழந்தைகள்.

நானோகம்பியின் அமைப்பைக் கண்டறிவதில் உள்ள சிக்கலின் மையம் இதுதான். தெளிவாகப் பேசும் திசைக்குச் சொல்ல விஷயமில்லை; விஷயமுள்ள திசைகள் முணுமுணுக்கின்றன.

டங்ஸ்டனில் இதன் விளைவு சில்லறையானதல்ல. டங்ஸ்டன் தொழிலில் ஆக்சைடுகளை நிறத்தால் அழைப்பது வழக்கம். ஒரு டங்ஸ்டனுக்கு மூன்று ஆக்சிஜன் இருந்தால் மஞ்சள், 2.9 ஆனால் நீலம், 2.72 ஆனால் ஊதா. ஊதா ஆக்சைடு என்பது 18 டங்ஸ்டனுக்கு 49 ஆக்சிஜன். சுவீடனைச் சேர்ந்த ஆர்னே மக்னேலி 1949-வாக்கில் இதன் அமைப்பைத் தீர்த்துவைத்தார். மஞ்சள் ஆக்சைடில் எண்முகிகள் முனை முனையாகக் கோத்து நிற்கின்றன. ஊதாவிலோ ஐங்கோணத் தூண்களும் அவற்றுக்கு நடுவே அறுகோணச் சுரங்கங்களும் கம்பியின் நீளவாக்கில் ஓடுகின்றன. மின்கடத்தும் தன்மை, நிறம், வாயுக்களை உணரும் திறன் எல்லாமே இதனால் மாறும். அப்படி இரண்டும் முற்றிலும் வேறு பொருள்கள் என்றாலும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரே வரி, ஒரே இடைவெளி. ஆக்சிஜனை நேரடியாக எண்ணிவிடலாமே என்றால், மூன்றுக்கும் 2.72-க்கும் ஒன்பது விழுக்காடுதான் வித்தியாசம். எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைத்திருக்கும் எக்ஸ் கதிர் அளவி லேசான ஆக்சிஜனை அந்தத் துல்லியத்தில் எண்ணாது. கம்பி கிடக்கும் கார்பன் படலத்தில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனும் கணக்கில் புகுந்துவிடும்.

2012-இல் ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள ஊதா ஆக்சைடு கம்பிகளைச் செய்துகாட்டினார்கள். மக்னேலியின் படிகத்தில் அலகுக்கூட்டின், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கினால் படிகமாகும் மிகச்சிறிய பெட்டியின், நீண்ட பக்கமே 1.83 நானோமீட்டர். ஓர் அலகுக்கூடுகூட முழுசாக அடங்காத ஒன்றை அந்தப் படிகத்தின் பெயரால் அழைப்பதற்கு என்ன பொருள்? என் பார்வையில் அங்கே பெயர் ஒரு வசதிக்காகத்தான். கம்பியில் உண்மையில் இருப்பது ஓரிரு தூண்களும் அவற்றின் மேற்பரப்பும் மட்டுமே.

இதைவிடப் பெரிய, பல ஆண்டுகள் இழுத்த வழக்கு ஒன்று டைட்டானியத்தில் நடந்தது. 1998-இல் ஜப்பானைச் சேர்ந்த தோஷிஹிரோ கசுகாவும் சகாக்களும் டைட்டானியம் டையாக்சைடு தூளைச் செறிந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு 110 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, பிறகு அமிலத்தாலும் நீராலும் கழுவினார்கள். கிடைத்தவை சுமார் 8 நானோமீட்டர் விட்டமும் 100 நானோமீட்டர் நீளமும் கொண்ட குழல்கள். வேலை எளிது, செலவு குறைவு. உலகெங்கும் ஆய்வகங்கள் இதைச் செய்யத் தொடங்கின. வெப்பத்தைக் கூட்டினால் குழலுக்குப் பதிலாகக் கம்பிகளும் நாடாக்களும் கிடைத்தன. கசுகா குழு அவற்றை அனாடேஸ் என்று எழுதியது. போட்டது டைட்டானியம் டையாக்சைடு, குழலின் போக்கில் வந்த இடைவெளியும் அனாடேஸோடு பொருந்தியது. அந்த முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை.

2002-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் லியான்-மாவோ பெங் குழு வேறு விடை சொன்னது: இது டைட்டானியம் டையாக்சைடே அல்ல, ஹைட்ரஜன் கலந்த ட்ரைடைட்டானேட், அதன் அடுக்குகள் சுருண்டு குழலாகியிருக்கின்றன. அடுத்த ஆண்டே ஜப்பானில் சசாகி குழு, லெபிடோகுரோசைட் என்னும் இரும்புக் கனிமத்தைப் போன்ற அடுக்கு அமைப்பு என்றது. வேறு சிலர் நீர் மூலக்கூறுகளையும் ஹைட்ராக்சில்களையும் சேர்த்து இன்னும் சில வாய்பாடுகளை முன்வைத்தார்கள். ஒரே குடுவையில் விளைந்த ஒரே பொருளுக்குக் கைநிறைய வாய்பாடுகள். எண்முகிகள் இணையும் அடுக்கு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தது. எத்தனை எண்முகிகளுக்கு ஒருமுறை அடுக்கு படிக்கட்டுபோல் ஒரு படி இறங்குகிறது, அடுக்குகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்பதில்தான் கருத்துவேறுபாடு.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. குழலைப் பக்கவாட்டில் படமெடுத்தால் இரண்டு சுவர்களும் கருமையான கோடுகளாகத் தெரியும்; கோடுகளுக்கு இடையே 0.75 முதல் 0.8 நானோமீட்டர். கோடுகளை எண்ணினால் பல குழல்களில் ஒரு பக்கம் மூன்று இருக்கும், எதிர்ப்பக்கம் நான்கு இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மூடிய குழாய்களில் இது நடக்கவே முடியாது. இரு பக்கமும் எண்ணிக்கை சமமாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றை அடுக்கு சுருண்டிருந்தால், சுருள் முடியும் இடத்தைப் பொறுத்து ஒரு பக்கம் ஒன்று கூடும். குறுக்குவெட்டில் பார்த்தவர்கள் சுருளையே நேரில் கண்டார்கள். பிரமாதமான கருவி எதுவும் வேண்டாம், ஒன்று இரண்டு என்று எண்ணத் தெரிந்தால் போதும். அனாடேஸ் முப்பரிமாணத்தில் இறுகப் பின்னிய படிகம். அது தாள்தாளாக உரிந்து சுருளாது. அந்த மூன்று நான்கு கணக்கே அனாடேஸ் கட்சிக்குப் பெரிய அடி.

பிறகு ஏன் வழக்கு இழுத்தது? மாதிரி ஓரிடத்தில் நிலையாக நிற்காததுதான் ஒரு காரணம். அடுக்குகளுக்கு நடுவே நீர் இருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே வெற்றிடம். வைத்தவுடன் நீர் கழன்று அடுக்குகள் நெருங்கும். எலக்ட்ரான் கற்றை பட்டால் அமைப்பே சிதையத் தொடங்கும். எக்ஸ் கதிர்க் கருவியில் காற்றில் வைத்து அளந்த இடைவெளி நுண்ணோக்கியில் கிடைத்ததைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான். கழுவும்போது எவ்வளவு சோடியம் வெளியேறியது என்பதைப் பொறுத்தும் பொருள் மாறுகிறது. நாலு ஆய்வகங்கள் நாலு விதமாகக் கழுவிவிட்டு ஒரே பெயருக்காகச் சண்டை போட்டிருக்கின்றன என்றுகூடச் சொல்லலாம்.

நுண்ணோக்கிப் படத்தை நாம் புகைப்படம் போல நம்பிவிடுகிறோம், அங்கேதான் வம்பு. அந்த வரிகள் அணுக்களின் நிழல் அல்ல. படிகத்தின் ஊடே வந்த எலக்ட்ரான் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாக்கிய கோலம். குவியத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் கருப்பு வெளுப்பாகும், வெளுப்பு கருப்பாகும். கருப்புப் புள்ளி அணுவா இடைவெளியா என்பதைக் கணினியில் அதே நிபந்தனைகளோடு படத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். 1971-இல் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த சுமியோ இஜிமா, டைட்டானியம்–நியோபியம் ஆக்சைடு ஒன்றில் உலோக அணுக்களின் இடங்களோடு நேருக்குநேர் பொருந்தும் படத்தை எடுத்தார். அங்கும் புள்ளிக்குப் புள்ளி சுமார் 0.38 நானோமீட்டர்தான். ஆனால் அவர் படிகத்தைச் சரியான திசையில் திருப்பி, தூண்களின் தலைமாட்டிலிருந்து பார்த்தார். எண்முகிகள் கட்டம்கட்டமாக அடுக்கப்பட்ட விதமே கண்ணுக்குத் தெரிந்தது. கார்பன் நானோகுழல்களால் 1991-இல் உலகப்புகழ் பெற்றாரே, அதே இஜிமாதான்.

கம்பிக்கும் அதே வைத்தியம்தான்: நுனியிலிருந்து பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். கம்பியைக் கரைசலிலிருந்து எடுத்துக் கட்டத்தட்டில் சொட்டினால் அது படுத்துக்கொள்ளும், நிற்காது. ஆகவே எபாக்சி பிசினில் புதைத்து, இறுகிய பின் வைரக் கத்தியால் சில பத்து நானோமீட்டர் கனத்துக்குச் சீவுகிறார்கள். ஆயிரக்கணக்கான கம்பிகளில் சில மட்டும் தற்செயலாக நிமிர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைத்துவிட்டால் ஊதா டங்ஸ்டன் ஆக்சைடின் ஐங்கோணத் தூண்கள் படத்தில் அப்படியே வந்து நிற்கும். அதற்குமேல் வாதம் இல்லை. இந்த வேலைக்கு நேரமும் பொறுமையும் தேவை. பல கட்டுரைகளில் இது இல்லாததற்கு வேறு பெரிய காரணம் எதையும் தேட வேண்டியதில்லை.

லென்ஸும் மேம்பட்டிருக்கிறது. வட்டவடிவ மின்காந்த லென்ஸின் கோளப்பிறழ்ச்சியை, அதாவது ஓரத்தில் புகும் கதிர்கள் நடுவில் புகுபவற்றோடு ஒரே புள்ளியில் குவியாத குறையை, தவிர்க்கவே முடியாது என்று 1936-இல் ஓட்டோ ஷெர்சர் நிறுவினார். வட்டவடிவமில்லாத லென்ஸ்களைச் சேர்த்து அதைத் திருத்தும் கருவியை 1998-இல் ஹைடர், ரோஸ், உர்பன் மூவரும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தனித்தனி அணுத்தூண்கள் தெரிகின்றன. ஆனால் பெருங்கோணத்தில் சிதறிய எலக்ட்ரான்களைச் சேகரிக்கும் முறையில் பளிச்சென்று தெரிவது கனமான அணுதான். 74 புரோட்டான் உள்ள டங்ஸ்டனின் அருகில் 8 புரோட்டான் உள்ள ஆக்சிஜன் பல பத்து மடங்கு மங்கல். இருந்தும் இல்லாத மாதிரி. ஆக்சைடு என்ற பெயருக்குக் காரணமான அணுவே படத்தில் இல்லை! டோக்கியோவில் ஷிபாட்டா, இக்குஹாரா முதலியோர் 2009-ஐ ஒட்டி வளர்த்தெடுத்த இன்னொரு முறையில், நேராக வரும் எலக்ட்ரான்களின் வெளிவளையத்தை மட்டும் எடுப்பதால் லேசான அணுக்களும் சேர்ந்து தெரிகின்றன.

துத்தநாக ஆக்சைடு தண்டுகளில் இந்த முறை நன்றாகக் கைகொடுக்கிறது. அங்கே பொருள் எது என்ற குழப்பமே எழுவதில்லை. சாதாரண நிலையில் அதற்கு ஒரே படிக வடிவம், வரி இடைவெளி 0.26 நானோமீட்டர். கேள்வி வேறு: தண்டின் எந்த முனை துத்தநாகத்தில் முடிகிறது, எது ஆக்சிஜனில் முடிகிறது? அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் தண்டுக்கு இது முக்கியம். இரண்டு முனைகளின் வேதியியலும் வேறு. சாதாரண வரிப்படத்தில் தலைக்கும் வாலுக்கும் வித்தியாசம் தெரியாது.

படத்தை விட்டுவிட்டு அணுக்களின் இடைத்தூரங்களை மட்டும் கேட்கும் வழியும் இருக்கிறது. உயர் ஆற்றல் எக்ஸ் கதிரை மாதிரியில் பாய்ச்சி, கூர்முகடுகளோடு நடுவே உள்ள மங்கலான சிதறலையும் விடாமல் அளந்து, ஃபூரியர் மாற்றம் செய்தால் எந்தெந்தத் தூரத்தில் எத்தனை அணு ஜோடிகள் என்ற வரைபடம் கிடைக்கும். படிகம் நீள அகலமாக ஒழுங்காய் இருக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. அனாடேஸில் ஒரு டைட்டானியத்துக்கு விளிம்பைப் பகிரும் அண்டை டைட்டானியம் நான்கு, 0.304 நானோமீட்டரில், முனையைப் பகிர்பவை நான்கு, 0.379-இல். அடுக்கு டைட்டானேட்டில் இந்தக் கணக்கு வேறு. 0.38 என்ற தூரம் இரண்டிலும் இருந்தாலும் அதன் பக்கத்தில் யார் எத்தனை பேர் என்பது பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். வனேடியம் ஆக்சைடு உலர்கூழில் இருக்கும் நாடா போன்ற இழைகளின் அமைப்பு வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. 2002-இல் பெட்கோவ், பில்லிஞ்ச், கனட்ஸிடிஸ் ஆகியோர் அடங்கிய குழு இதே முறையில் அதைத் தீர்த்தது: வனேடியம் ஆக்சைடு தாள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கின்றன, ஜோடிகளுக்கு இடையே நீர். ஆய்வகத்துச் செம்பு எக்ஸ் கதிரில் இது நடக்காது. அலைநீளம் அதிகம், தூரங்களைப் பிரித்துக்காட்டும் துல்லியம் போதாது. வலிமையான எக்ஸ் கதிரைத் தரும் சிங்க்ரோட்ரான் என்னும் பெரிய துகள்முடுக்கி வேண்டும், குறைந்தது வெள்ளியை இலக்காகக் கொண்ட எக்ஸ் கதிர்க் குழாயாவது வேண்டும்.

செலவில்லாத வழி ராமன் நிறமாலை: பொருளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று அளப்பது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்ட அதே விளைவு. அனாடேஸுக்கு சென்டிமீட்டருக்கு 144 என்ற அலையெண்ணில் மிக வலுவான முகடு உண்டு. கொஞ்சம் கலந்திருந்தாலே தலைதூக்கும். அது அங்கே இல்லையென்றால் அனாடேஸ் என்ற பேச்சை விட்டுவிடலாம். இருந்தாலும் அவசரப்படக் கூடாது: லேசரின் வலிமையைக் கூட்டினால் டைட்டானேட் சூடாகி, அளந்துகொண்டிருக்கும்போதே அனாடேஸாக மாறிவிடும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நானோகம்பிக்குப் பொருந்தாது. 50 நானோமீட்டர் விட்டமும் 5 மைக்ரோமீட்டர் நீளமும் உள்ள துத்தநாக ஆக்சைடு கம்பிகள் ஒரு மில்லிகிராமில் சுமார் 1,800 கோடி இருக்கும். நுண்ணோக்கியில் பார்ப்பது பத்தோ இருபதோ. கட்டுரையில் வருவது அவற்றில் அழகான ஒன்று. எக்ஸ் கதிரோ அத்தனை கோடியையும் ஒன்றாகக் கலக்கிச் சராசரி சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால், அதுவே நல்ல செய்தி. மாதிரியில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்கிறது, அல்லது கற்றை பட்டு ஏதோ மாறியிருக்கிறது. நுண்ணோக்கியில் தூரத்தை அளப்பதிலும் ஓரிரு விழுக்காடு பிழை சகஜம். 0.375-க்கும் 0.378-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு விழுக்காடுகூட இல்லை. அருகிலேயே தங்கத் துகள் ஒன்றை வைத்து அதன் 0.2355 நானோமீட்டரை அளவுகோலாகக் கொள்ளாதவர் மூன்றாம் தசமத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

இத்தகைய கட்டுரை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, எக்ஸ் கதிர் வரைபடத்தின் கிடையச்சை. அடுக்கு டைட்டானேட்டின் அடையாளம் 10 டிகிரியையொட்டி வரும் அகன்ற முகடு; அனாடேஸின் அடையாளம் 25.3 டிகிரி. பலர் வழக்கத்தின் காரணமாகவே 20 டிகிரியில் அளவீட்டைத் தொடங்குகிறார்கள். அடுக்கின் முகடு வரைபடத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது. 24, 48 டிகிரிகளில் வரும் முகடுகள் மட்டும் உள்ளே இருக்க, தெரிந்த படிகங்களின் முகடுகளைப் பட்டியலிடும் தரவு அட்டையோடு "நன்கு பொருந்துகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். 5 டிகிரியிலிருந்து மறுபடி ஒருமுறை ஓட்டச் சொன்னால் கூடுதலாக ஆவது சில நிமிடங்கள்.